ஐசோடோப்பு முதல் வேதிப்பிணைப்பு வரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொடக்கநிலை வேதியியலில் மாணவர்கள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் கணக்கில் தடுமாறுவதால் அல்ல. ஓர் எண் எதைக் குறிக்கிறது, ஒரு விதி எதுவரை செல்லும் என்று கேட்காமலேயே அவற்றைப் பயன்படுத்துவதால்தான்.

அட்டவணையில் புரோமினின் அணு நிறை 79.90 என்று இருப்பதைப் பார்த்து, அதை 80 என்று முழுமையாக்கி, அணு எண்ணான (புரோட்டான்களின் எண்ணிக்கையான) 35-ஐக் கழித்து, புரோமின் அணுவில் 45 நியூட்ரான்கள் உள்ளன என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. இயற்கையில் கிடைக்கும் புரோமினில் நிறை எண் (புரோட்டான்கள், நியூட்ரான்கள் ஆகியவற்றின் மொத்த எண்ணிக்கை) 79 உடைய அணுக்களும் 81 உடைய அணுக்களும் ஏறத்தாழச் சரிபாதியாகக் கலந்திருக்கின்றன; 44 அல்லது 46 நியூட்ரான்கள் கொண்ட இவ்விரண்டின் சராசரியே அட்டவணையில் நாம் காண்பது. ஆகவே, எந்த ஐசோடோப்பு (ஒரே தனிமத்தில் நியூட்ரான் எண்ணிக்கையால் வேறுபடும் அணு வகை) என்று சொல்லாமல் நியூட்ரான்களின் எண்ணிக்கையைக் கணக்கிட முடியாது. ஐசோடோப்பு என்றாலே கதிரியக்கம் உடையது என்று எண்ணுவதும் சரியன்று: கார்பன்-12, கார்பன்-13 ஆகியவை நிலையானவை, கார்பன்-14 மட்டுமே இம்மூன்றில் சிதைவடைவது.

இந்தச் சராசரியைப் புரிந்துகொண்டவருக்குத் தனிம வரிசை அட்டவணையின் ஒரு பழைய புதிரும் விளங்கிவிடும். தனிமங்கள் அணு நிறையின் ஏறுவரிசையில் அமைந்துள்ளன என்று இன்றும் பலர் விடை எழுதுகிறார்கள். அப்படியானால் 127.60 நிறையுள்ள டெலூரியம், 126.90 நிறையுள்ள அயோடினுக்கு முன்னால் வந்திருக்கக் கூடாது. 1869-இல் அட்டவணையை வெளியிட்ட ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ், நிறையைவிடப் பண்புகளை நம்பி டெலூரியத்தை முன்னால் வைத்தார். அதன் நிறை தவறாக அளக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும் கருதினார். அளவீட்டில் பிழையில்லை. 1913-இல் இயற்பியலாளர் மோஸ்லி எக்ஸ் கதிர் ஆய்வின் மூலம் காட்டியபடி, வரிசையைத் தீர்மானிப்பது அணு எண். டெலூரியத்துக்கு அது 52, அயோடினுக்கு 53. இயற்கை அயோடின் முழுவதும் அயோடின்-127 ஆக இருக்க, டெலூரியத்தில் 128, 130 ஆகிய கனமான ஐசோடோப்புகள் மிகுதியாக இருப்பதே அதன் சராசரியை உயர்த்துகிறது.

பிணைப்பு பற்றிய பாடத்தில்தான் தவறுகள் ஆழமாக வேரூன்றுகின்றன. வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்களைப் பெற விரும்பி, சோடியம் தன் எலக்ட்ரானைக் குளோரினுக்குத் தானாகவே கொடுக்கிறது என்ற விளக்கம் நினைவில் நிற்க எளிது. ஆனால் காரணத்தைத் தலைகீழாக்குகிறது. வாயு நிலையில் உள்ள ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து எலக்ட்ரானை நீக்க ஏறக்குறைய 496 கிலோஜூல் ஆற்றலைச் செலவிட வேண்டும். குளோரின் அணுக்கள் அதை ஏற்கும்போது வெளிப்படுவதோ 349 கிலோஜூல் மட்டுமே. எலக்ட்ரான் இடம் மாறுவதோடு நின்றால் இது நட்டக் கணக்கு. எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகள் நெருங்கிப் படிகமாக அடுக்கப்படும்போது சுமார் 787 கிலோஜூல் வெளிப்படுவதால்தான் சோடியம் குளோரைடு உருவாகிறது. அந்தப் படிகத்தில் ஒவ்வொரு அயனியையும் ஆறு எதிர் அயனிகள் சூழ்ந்திருப்பதால், ஒரு சோடியமும் ஒரு குளோரினும் இணைந்த தனி மூலக்கூறு என்று அதில் எதையும் சுட்ட இயலாது. எட்டு எலக்ட்ரான் விதி பயனுள்ளதே; ஆயினும் போரான் டிரைபுளூரைடில் போரானைச் சுற்றி ஆறு எலக்ட்ரான்களே உள்ளன.

பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிப்படுகிறது என்ற எண்ணத்தையும் கைவிட வேண்டும். எந்தப் பிணைப்பை உடைக்கவும் ஆற்றல் தேவை. மீத்தேன் எரியும்போது வெப்பம் கிடைப்பதற்குக் காரணம், மீத்தேனிலும் ஆக்சிஜனிலும் உள்ள பிணைப்புகளை உடைக்கச் செலவாகும் ஆற்றலைவிட, கார்பன் டை ஆக்சைடிலும் நீரிலும் புதிய பிணைப்புகள் உருவாகும்போது வெளிப்படும் ஆற்றல் அதிகமாக இருப்பதே.