டிசெப்டிகான் தலைவர்ல யாரு டாப்பு? சண்டைல தோக்காம பேசுறது எப்படி

வண்டி, துப்பாக்கின்னு உருமாறுற ரோபோக்களோட கதையான டிரான்ஸ்பார்மர்ஸ் ரசிகர்கள் நாலு பேரு கூடுனா கடைசில வந்து நிக்கிற சண்டை ஒண்ணுதான், அதுல வர்ற வில்லன் கூட்டமான டிசெப்டிகான்ஸ்க்கு வாய்ச்ச தலைவர்கள்ல யாரு கெத்து. ஒருத்தன் மெகட்ரான்ம்பான், இன்னொருத்தன் கால்வட்ரான்ம்பான், மூணாவது ஆளு ஷாக்வேவ்னு எதையாவது கொளுத்திப் போடுவான், அப்புறம் விடிய விடிய அதே பேச்சு. இதுல உருப்படியா பேசி ஜெயிக்க ஒரு வழி இருக்கு, சொல்றேன்.

மொதல்ல "எந்த மெகட்ரான்?"னு கேட்டுருங்க. 1984 கார்ட்டூன்ல துப்பாக்கியா மாறுற மெகட்ரான் வேற, மார்வெல் காமிக்ஸ்ல வர்றவர் வேற, 1996ல வந்த பீஸ்ட் வார்ஸ்ல டைனோசரா மாறுறவர் வேற ஆளே, பழைய மெகட்ரானோட பேரை எடுத்து வச்சுக்கிட்டவர். அப்புறம் 2007ல வந்த "அனிமேட்டட்" தொடர், 2010ல வந்த "பிரைம்" தொடர், சுரங்கத் தொழிலாளியா இருந்து எழுத ஆரம்பிச்சு புரட்சி பண்ண ஐடிடபிள்யூங்கற கம்பெனியோட காமிக்ஸ்ல வர்ற மெகட்ரான்னு லிஸ்ட் போய்க்கிட்டே இருக்கும். இதை முன்னாடியே பேசி முடிக்கலன்னா நீங்க ஒருத்தரை சொல்லுவீங்க, எதிராளி இன்னொருத்தரை மனசுல வச்சுக்கிட்டு கத்துவான்.

ரெண்டாவது, "ரெண்டு பேரும் மோதுனா யாரு ஜெயிப்பா"ங்கற பேச்சை கிட்டயே சேக்காதீங்க. நாம தேடுறது தலைவரை, பயில்வானை இல்ல. யூனிக்ரான்ங்கற ராட்சச ரோபோ ஒரு கிரகத்தையே முழுங்குவாரு, அதுக்காக அவரை நல்ல தலைவர்னு சொல்ல முடியுமா.

இப்பதான் மெயின் மேட்டர். தலைவரை அளக்க என்கிட்ட இருக்கற ஒரே அளவுகோல் ஸ்டார்ஸ்க்ரீம், தலைவர் நாற்காலிக்கே கண்ணு வச்சிருக்கற டிசெப்டிகான் துணைத்தலைவர். கூட இருந்தே குழி பறிக்கிற ஆளை ஒரு தலைவர் எப்படி வச்சு சமாளிக்கிறார்னு பாருங்க, மத்ததெல்லாம் தன்னால தெரிஞ்சுரும்.

84 மெகட்ரானை எடுத்துக்கங்க. ஸ்டார்ஸ்க்ரீம் ரெண்டாம் உலகப்போர்ல விட்டுட்டுப் போன பழைய வண்டிகளை வச்சு காம்பாட்டிகான்ஸ்னு சொந்தமா ஒரு படையையே கட்டி மெகட்ரான் மேல ஏவி விட்டுட்டாரு, அதுக்கு அப்புறமும் இந்த மனுஷன் திரும்ப சேத்துக்கிட்டாரு! இது பெருந்தன்மையா மடத்தனமாங்கறதுதான் கேள்வி. மெகட்ரான் கட்சிக்காரங்க இங்க "மாஸ்டர் பிளான்" எபிசோடை தூக்கிட்டு வருவாங்க, தன் ஆளுங்களுக்கு ஆட்டோபாட் (எதிரணி நல்ல ரோபோக்கள்) வேஷம் போட்டு வீடியோ எடுத்து, மனுஷங்களை நம்ப வச்சு, ஆட்டோபாட்ஸை பூமியை விட்டே துரத்தி, அவங்க போற கப்பலையும் சூரியனுக்குள்ள விழற மாதிரி செட் பண்ணி வச்ச கதை. சரிதான், மூளைக்காரர்தான், ஒத்துக்கங்க. ஆனா உடனே 1986 சினிமாவை எடுத்துப் போடுங்க. அதுல அடிபட்டு தரைல கிடக்கற மெகட்ரானை ஸ்டார்ஸ்க்ரீம் எட்டி உதைச்சுட்டு போவாரு, என்னை விட்டுட்டு போகாதேன்னு மெகட்ரான் கெஞ்ச, விசுவாசி சவுண்ட்வேவ் மட்டும் தூக்கிட்டு போவாரு. அப்புறம் விண்கலமா மாறி இவங்களை ஏத்திட்டுப் போற ஆஸ்ட்ரோட்ரெயின்ல எடை ஜாஸ்தின்னு சொல்லி ஸ்டார்ஸ்க்ரீமே தன் கையால தலைவரை விண்வெளில தள்ளி விடுவாரு. தள்ளி முடிச்ச கையோட மிச்சம் இருக்கறவங்க அடுத்த தலைவர் யாருன்னு அங்கயே அடிச்சுக்குவாங்க. அத்தனை வருஷம் ஆண்டவர் தனக்கு அப்புறம் யாருன்னு யோசிக்கவே இல்லன்னு அந்த ஒரு சீன்லயே தெரிஞ்சு போகுது பாருங்க, என்னைப் பொறுத்தவரை 84 மெகட்ரான் மார்க் இழக்கறது இங்கதான்.

அப்படி தள்ளி விடப்பட்ட மெகட்ரானை யூனிக்ரான் மாத்தி உருவாக்குன ஆளுதான் கால்வட்ரான், அவரை சொல்ற ஆளு வந்தா ரொம்ப கஷ்டப்பட வேண்டாம். அதே சினிமால ஸ்டார்ஸ்க்ரீமோட பட்டாபிஷேகத்துக்கு நடுவுல வந்து அவரை ஒரே வெடில சாம்பலாக்குனது செம சீன், இல்லன்னு சொல்லல, லெனார்ட் நிமோய் குரல் வேற. ஆனா கார்ட்டூனோட மூணாவது சீசன்ல அவருக்கு புத்தி பேதலிச்சு போய், சொந்த ஆளுங்களையே சுட்டுக்கிட்டு திரிவாரு, தாங்க முடியாம சைக்ளோனஸே அவரை டார்க்குலான்ங்கற கிரகத்துக்கு வைத்தியத்துக்கு கூட்டிட்டு போவாரு. அடியாளு தலைவனை வைத்தியத்துக்கு கூட்டிட்டு போற நிலைமை, இதுக்கு மேல என்ன பேச.

ஷாக்வேவ் கட்சி கொஞ்சம் உஷார். கார்ட்டூன்ல 40 லட்சம் வருஷம் தலைவரே இல்லாம சொந்த கிரகமான சைபர்ட்ரானை காவல் காத்துக்கிட்டு இருந்த விசுவாசி. மார்வெல் காமிக்ஸ்ல அப்படியே தலைகீழ், லாஜிக்படி நான்தான் தகுதியானவன்னு சொல்லி மெகட்ரானை அடிச்சு பதவியை பிடிச்சுக்குவாரு. நிர்வாகம் பக்கா, ஆனா வில்லனா பாத்தா ஆபீஸ் மேனேஜர் மாதிரி இருப்பாரு, வெறுக்கவும் முடியாது ரசிக்கவும் முடியாது. அதே காமிக்ஸ்ல ராட்பேட்னு ஒரு வவ்வால் கூட கொஞ்ச காலம் தலைவரா இருந்துச்சு, எரிபொருள் கணக்கு பாக்கற ஆளு, கார் கழுவுற இடத்துல டிரைவர்களை வசியம் பண்ணி பெட்ரோல் திருடுனது அவரோட சாதனை. இதை சொன்னா சண்டை நடுவுல எல்லாரும் சிரிச்சுருவாங்க, டென்ஷன் ஏறும்போது யூஸ் பண்ணிக்கங்க.

அனிமேட்டட் மெகட்ரானுக்கு நான் நல்ல மார்க் குடுப்பேன். வெறும் தலையா ஒரு விஞ்ஞானியோட லேப்ல கிடந்துக்கிட்டு, நான் நல்லவன்னு அவரை நம்ப வச்சே உடம்பு சம்பாதிச்சவரு, குண்டு வச்ச ஸ்டார்ஸ்க்ரீமை பாத்ததும் கொன்னாரு, அவன் உயிரோட வர வர திரும்பத் திரும்ப கொன்னாரு. தெளிவான கொள்கை.

ஆனா என் ஓட்டு பீஸ்ட் வார்ஸ் மெகட்ரானுக்குத்தான். கறாரா பாத்தா அவர் டிசெப்டிகானே இல்ல, அவங்க வழிவந்த பிரெடகான், இதை எதிராளி பாயிண்ட்டா எடுக்கறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிருங்க. இவருக்கு கிடைச்ச டீமை பாருங்க: டைனோபாட் மொத ரெண்டு எபிசோட்லயே கட்சி மாறிட்டாரு, டெரர்சார் நாற்காலிக்கு கண்ணு வச்சிருக்காரு, டாரன்டுலாஸ் தனியா சதி பண்றாரு, வாஸ்பினேட்டர் எல்லா எபிசோட்லயும் துண்டு துண்டா போறாரு, இன்ஃபெர்னோ தன்னை எறும்புன்னு நெனச்சுக்கிட்டு தலைவரையே ராணின்னு கூப்பிடுறாரு. அதாவது ஒரு ஸ்டார்ஸ்க்ரீமுக்கு பதிலா மூணு நாலு ஸ்டார்ஸ்க்ரீம். சதி நடக்குதுன்னு தெரிஞ்சே விட்டு வச்சு, அவங்க சதியையும் தனக்கு சாதகமா திருப்பிக்குவாரு, ரப்பர் வாத்தை வச்சுக்கிட்டு குளிச்சுக்கிட்டே. அவருக்கு குரல் குடுத்த டேவிட் கே அந்த "யெஸ்ஸ்ஸ்"ஸை இழுக்கற இழுப்பு இன்னும் காதுல நிக்குது.

நெத்தியடி ஆதாரம் வேணும்னா ரெண்டாவது சீசன் முடிவுல வர்ற "தி அஜெண்டா" மூணு பாகம் போதும். இவரை கைது பண்ண வந்த பழைய டிசெப்டிகான் ராவேஜ்கிட்ட, தங்க வட்டுல பழைய மெகட்ரான் விட்டுட்டு போன செய்தியை போட்டுக் காட்டி அவரையே தன் பக்கம் இழுத்துருவாரு. கதை நடக்கறதே காலத்துல பின்னாடி போய்ங்கறதால, அடுத்து அங்க தூங்கிட்டு இருக்கற ஆட்டோபாட் தலைவர் ஆப்டிமஸ் பிரைமை சுட்டு வரலாறையே மாத்தப் பாப்பாரு. பழைய மெகட்ரானால முடியாத வேலையை கைவிரல்ல எண்ணுற ஆளுங்களை வச்சு கிட்டத்தட்ட முடிச்சுட்டாரு.

கடைசியா எப்பவும் ஒருத்தன் "ஸ்டார்ஸ்க்ரீம்தான்டா உண்மையான தலைவன், ஐடிடபிள்யூல சைபர்ட்ரானையே ஆண்டாரு தெரியுமா"ன்னு கிளம்புவான். ஆண்டது நெஜம்தான், ஆனா அப்போ அவர் உக்காந்தது சைபர்ட்ரான் ஆட்சியாளர் நாற்காலில, டிசெப்டிகான் தலைவர் நாற்காலில இல்ல. அது வேற போட்டி, தனியா ஒரு நாள் வச்சுக்கலாம்னு சொல்லிருங்க.