பசு அசைபோடுவதை எண்ணி அதன் வயிற்று நலத்தை அறிவது எப்படி?

தீவனம் தின்று முடித்த பசு படுத்துச் சற்று ஓய்ந்த பின், அதை எழுப்பாமல் சில அடி தள்ளி அமர்ந்து, அதன் கழுத்தின் இடது பக்கத்தைக் கவனியுங்கள். ஓர் உருண்டை கீழிருந்து சட்டென்று மேலே ஏறும். அதனுடன் வந்த நீரை உடனே விழுங்கிவிட்டு, மிஞ்சிய நாரைப் பசு தாடையைப் பக்கவாட்டில் அசைத்து அரைக்கத் தொடங்கும். அது விழுங்கும் வரை எத்தனை முறை மெல்கிறது என்று எண்ணுங்கள். ஐந்தாறு கவளங்களை எண்ணிப் பார்க்கையில் பெரும்பாலானவை 50 முதல் 70 முறை மெல்லப்பட்டால் நல்லது. எண்ணிக்கை தொடர்ந்து 40-க்குக் கீழே இருந்தால் தீவனத்தில் நார் போதவில்லை என்று கொள்ளலாம்.

இந்த எண்ணிக்கை உண்மையில் உமிழ்நீரின் கணக்கு. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி நம் உமிழ்நீரில் உண்டு, பசுவின் உமிழ்நீரில் இல்லை. அதற்கு வாய்த்த வேலையே வேறு. நன்றாக அசைபோடும் கறவைப்பசு நாளொன்றுக்கு 100 லிட்டருக்கும் மேலாக உமிழ்நீர் சுரக்கிறது. ஆப்ப சோடாவில் உள்ள அதே பைகார்பனேட் அதில் ஏராளமாகக் கலந்திருப்பதால், பெருவயிற்றில் (பசுவின் இரைப்பையின் நான்கு அறைகளில் மிகப் பெரியது) நுண்ணுயிரிகள் தீவனத்தைப் புளிக்கவைக்கும்போது உண்டாகும் அமிலத்தை அது இடைவிடாமல் தணித்துக்கொண்டிருக்கிறது. மெல்லுவது குறைந்தால் உமிழ்நீர் குறைகிறது, அமிலம் ஏறுகிறது.

அடுத்து, இடதுபுறம் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் மடக்கிய கையை அழுத்தி வைத்து இரண்டு நிமிடம் பொறுத்திருங்கள். பெருவயிறு இரண்டு மூன்று முறையாவது அலைபோல் எழும்பிக் கையைத் தள்ள வேண்டும்.

வைக்கோலையோ சோளத்தட்டையையோ முதலில் கொடுத்து, தவிடு, புண்ணாக்கு, தானியம் போன்ற அடர்தீவனத்தைப் பிறகு, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். தட்டையைத் தூளாக நறுக்காமல் விரல் நீளத் துண்டுகளாக விடுங்கள், ஏனெனில் தூளை அசைபோட முடியாது. பசும்புல் தாராளமாகக் கிடைக்கிறது என்று வைக்கோலை அடியோடு நிறுத்திவிடுவது நான் பல தொழுவங்களில் கண்டு வருந்திய தவறு. இளம்புல்லில் நார் குறைவு. புதிய தீவனத்துக்கு மாறப் பத்து முதல் பதினான்கு நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுப் பொங்கலன்று அன்பின் மிகுதியால் பானைப் பொங்கலையும் சோற்றையும் வயிறு நிறைய ஊட்டுவது பசுவின் உயிருக்கே ஆபத்தாகலாம். வெந்த அரிசி பெருவயிற்றில் விரைவாக லாக்டிக் அமிலமாக மாறுவதால், உமிழ்நீரால் அதற்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. அசைபோடுவது நின்று, பள்ளத்தில் வைத்த கைக்கு அசைவே தெரியாமல், சாணம் புளித்த வாடையுடன் நீராகப் போய், பசு தள்ளாடினால், உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். அவர் வரும்வரை தலையைத் தூக்கிப் பிடித்து எண்ணெயையோ கஷாயத்தையோ ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பசு எதை, எவ்வளவு, எத்தனை மணிக்குத் தின்றது என்பதை மட்டும் எழுதி வைத்திருங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.