நடைப்பயணத்துக்கு எதைப் படிப்பது, எதைச் சுமப்பது

நாட்டுப்புறப் பாதைகளில் ஒரு வாரமோ பத்து நாளோ நடப்பதற்காக விடுமுறை எடுப்பவர்கள் காலணிக்கும் மழைச்சட்டைக்கும் செலவிடும் யோசனையில் கால்பங்கைக்கூடப் புத்தகங்களுக்குச் செலவிடுவதில்லை. புறப்படும் வாரத்தில் அந்த நாட்டைப் பற்றிய தடித்த சுற்றுலாக் கையேடு ஒன்றை வாங்கிப் பைக்குள் திணித்துக்கொள்வார்கள். அதில் தலைநகரின் விடுதிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும். நாம் நடக்கப்போகும் பள்ளத்தாக்கைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தாலே அதிகம்.

ஆகவே வேண்டிய வாசிப்பை முதலிலேயே இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பாதையில் கையோடு இருக்க வேண்டியது ஒன்று. வீட்டிலேயே படித்து முடித்து அலமாரியில் விட்டுச்செல்ல வேண்டியது மற்றொன்று. முதல் வகைக்கு ஒரு வரைபடமும் ஒரு வழிகாட்டி நூலும் போதும். இரண்டாம் வகைக்கு எல்லை இல்லை. சுமக்க வேண்டாம் என்பதால் எடையும் இல்லை.

வழிகாட்டி நூலுக்கு முன்பாக வரைபடத்தை வாங்குங்கள். 1:25,000 அளவையில் அமைந்த வரைபடத்தில் 4 செ.மீ. என்பது நிலத்தில் 1 கி.மீ.; 1:50,000 அளவையில் அதே தொலைவு 2 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். இரண்டாவது வகையில் ஒரே தாளுக்குள் அதிக நிலப்பரப்பு அடங்குவதால், திறந்த மலைமுகடுகளில் நடப்பவர்களுக்கு அது வசதியானது. வயல்களின் ஊடே போகும் பாதைகளுக்கு அது போதாது. பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் 1:25,000 வரைபடங்கள் வயல்களைப் பிரிக்கும் வேலிகளையும் கற்சுவர்களையும் காட்டுகின்றன. 1:50,000 வரைபடங்கள் காட்டுவதில்லை. சுவரின் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்ற கேள்வியில்தான் நாட்டுப்புற நடையில் பாதி நேரம் வீணாகிறது என்பதால், இந்த வேறுபாட்டை நான் சிறியதாக எண்ணுவதில்லை.

அடுத்தது வழிகாட்டி நூல். நூலின் ஏதேனும் ஒரு நாளுக்குரிய அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு, மேசைமேல் வரைபடத்தை விரித்து, வாக்கியம் வாக்கியமாகப் பென்சிலால் தொடர்ந்து பாருங்கள். 'ஓடையைக் கடந்ததும் வேலியை ஒட்டி இடப்புறம் திரும்பவும்' என்று நூல் சொன்னால், எந்த ஓடை, முந்தைய இடத்திலிருந்து எத்தனை மீட்டர் என்பவை உங்களுக்குத் தெரிய வேண்டும். மேசையில் அமர்ந்து தொடர முடியாத விவரிப்பை மழையில் நின்றுகொண்டு தொடர முடியாது. இந்த எடுத்துக்காட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. நூல் மேற்கிலிருந்து கிழக்காக எழுதப்பட்டிருக்க, நீங்கள் கிழக்கிலிருந்து மேற்காக நடந்தால், வேலி முதலில் வரும், ஓடை பிறகு வரும், இடம் வலமாகும். ஒரு நாள் முழுவதும் மனத்துக்குள் வாக்கியங்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டே நடப்பது எத்தனை அலுப்பு என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். எந்தத் திசையில் நடக்கப்போகிறோம் என்பதை முடிவு செய்துவிட்டு, அதே திசையில் எழுதப்பட்ட நூலை வாங்குவதே சரி.

நல்ல வழிகாட்டி அழகை வருணிப்பதோடு நின்றுவிடாது. இடரையும் அதைத் தவிர்க்கும் முறையையும் சேர்த்தே சொல்லும். இதில் நம் ஆற்றுப்படை நூல்களை அளவுகோலாகக் கொள்வது மிகையன்று. மலைபடுகடாம், பன்றிக்காக வைத்த பொறிகள் இருக்கும் மலைவழியில் இரவில் போகாமல் விடிந்தபின் செல்லுங்கள் என்றும், புனங்காப்போர் எறியும் கவண்கல் விசையோடு வரும்போது மரங்களை மறைவாகக் கொண்டு கடந்து செல்லுங்கள் என்றும் கூத்தர்களுக்குச் சொல்கிறது. இன்றைய நூலிலும் இத்தகைய வாக்கியங்களைத் தேடுங்கள்: எந்த ஓடை மழைக்குப்பின் கடக்க முடியாததாகும், குடிநீர் எங்கே கிடைக்கும், நடுவழியில் கால் பிசகினால் எந்தக் கிளைப்பாதை பேருந்துச் சாலைக்கு இறங்கும். இவை ஒன்றும் இல்லாமல் ஒளிப்படங்கள் மட்டும் நிறைந்திருந்தால் அது பரிசளிக்கத் தகுந்த புத்தகம், அவ்வளவே.

பதிப்பு ஆண்டையும் பார்த்துவிடுங்கள். ஒருமுறை, பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைத்த பதிப்பொன்றை நம்பி நான் ஓர் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தபோது, நூலில் இருந்த மரப்பாலம் அங்கே இல்லை. இரு கரைகளிலும் அதைத் தாங்கிய கல்மேடைகள் மட்டும் நின்றன. சுற்றிக்கொண்டு போனதில் மாலை வெளிச்சம் முழுவதும் போயிற்று. பாலம் வெள்ளத்தில் போன செய்தியைப் பதிப்பகம் தன் இணையதளத்தில் திருத்தமாக வெளியிட்டிருந்தது என்பதை ஊர் திரும்பியபின் கண்டேன். பல பதிப்பகங்கள் இவ்வாறு திருத்தங்களை வெளியிடுகின்றன. புறப்படுமுன் அவற்றைப் பார்த்து, நூலின் ஓரத்தில் குறித்துக்கொள்வதற்குச் சில நிமிடங்களே ஆகும்.

நூல் தரும் நேரக் கணக்கை அப்படியே ஏற்க வேண்டாம். ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நைஸ்மித் 1892இல் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது: மணிக்கு 5 கி.மீ., அதனுடன் ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 நிமிடம் என்பது அதன் மெட்ரிக் வடிவம். 14 கி.மீ. தொலைவும் 450 மீட்டர் ஏற்றமும் உள்ள நாளுக்கு 2 மணி 48 நிமிடத்துடன் 45 நிமிடம் சேர்த்து 3 மணி 33 நிமிடம் வரும். இதில் ஓய்வும், உணவும், வழி தேடி நிற்பதும் சேரவில்லை. முதல் நாள் நடையின் உண்மையான நேரத்தைக் குறித்துக்கொண்டு நூலின் கணக்கோடு ஒப்பிட்டால், அந்த ஆசிரியரின் கால் வேகமும் உங்கள் கால் வேகமும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பது தெரிந்துவிடும்.

வீட்டில் படிக்க வேண்டியவற்றில் முதலிடம் அந்த நாட்டின் நடையுரிமைச் சட்டத்துக்கு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் நிலத்தின் ஊடே செல்லும் பல பாதைகளில் நடக்கச் சட்டப்படி உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமை பாதையோடு கட்டுப்பட்டது. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம், பொறுப்போடு நடப்பவர்களுக்குப் பெரும்பாலான நிலங்களைத் திறந்துவிட்டிருக்கிறது. வழிக்குறிகளையும் இதோடு படித்துக்கொள்ளலாம். பிரான்சின் நெடும்பாதைகளில் வெள்ளைக்குக் கீழே சிவப்பாக இரு பட்டைகள் இருந்தால் அது சரியான வழி. அதே இரு நிறங்கள் பெருக்கல் குறி போல் குறுக்கிட்டால் அந்தப் பக்கம் போகக் கூடாது.

அதன்பின் நிலத்தைப் பற்றிப் படியுங்கள். வரலாற்று நூல்களைவிட நிலவியலையே நான் முன்னால் வைப்பேன். சுண்ணாம்புப் பாறை நிலத்தில் மழைநீர் விரிசல்களின் வழியே உள்ளே இறங்கிவிடுவதால் மேட்டில் ஓடையே இராது. நீர் புகாத அடுக்கைத் தொட்ட இடத்தில் அது அடிவாரத்து ஊற்றாக வெளிப்படும், ஊர்களும் அந்த ஊற்று வரிசையை ஒட்டியே அமைந்திருக்கும். இதை அறிந்தவர் மேட்டில் நீரைத் தேடாமல் கீழேயே குடுவையை நிரப்பிக்கொள்வார். ஊர்ப்பெயர்களும் இப்படித்தான். வேல்ஸில் 'அபெர்' என்று ஒரு பெயர் தொடங்கினால் அங்கே ஓர் ஆறு கடலிலோ வேறோர் ஆற்றிலோ கலக்கிறது என்று பொருள். இங்கிலாந்தில் விட்பி, கிரிம்ஸ்பி போன்ற பெயர்களின் ஈறு ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் சொல். நடக்கவிருக்கும் பகுதியின் மொழியில் மலை, ஓடை, சதுப்பு, கணவாய் ஆகியவற்றுக்குரிய சொற்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டால், வரைபடத்தின் பெயர்கள் பாதி தாமாகவே விளங்கத் தொடங்கும்.

பறவை, மலர் ஆகியவற்றுக்கான கையேடுகளில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். நாடு முழுமைக்குமானதைவிட அந்த வட்டாரத்துக்கு உரிய சிறு நூலே உதவும். அங்கே இல்லாத பறவைகளைப் புரட்டித் தள்ளும் வேலை மிச்சம்.

பாதையில் போகும்போது நூலை முழுவதுமாகக் கையில் வைத்திருக்கத் தேவையில்லை. முந்தைய இரவு மறுநாள் அத்தியாயத்தை வரைபடத்தோடு ஒருமுறை படித்து, திருப்பங்களைப் பென்சிலால் குறித்து, அந்தப் பக்கங்களின் நகலை மட்டும் ஒளிபுகும் நீர்புகா உறைக்குள், நடக்க வேண்டிய பகுதி வெளியே தெரியும்படி மடித்து வையுங்கள். கைபேசியில் வரைபடத்தைத் தரவிறக்கி வைப்பதும் நல்லதே. ஆனால் குளிரில் மின்கலம் விரைவாக இறங்கும் என்பதால் அதைச் சட்டையின் உள்பையில் உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு, காகிதத்தை வெளிப்பையில் வையுங்கள்.