பூச்சாண்டி பயம்: நாமே செய்யும் தவறுகள்

"சாப்பிடலைன்னா பூச்சாண்டி பிடிச்சுட்டுப் போயிடும்" என்று பகலில் மிரட்டுவோம். ராத்திரி பிள்ளை தூங்க மறுத்தால் "பூச்சாண்டியும் இல்லை, ஒண்ணும் இல்லை, படு" என்று அதட்டுவோம். பாவம், அது எதை நம்பும்? கூப்பிட்டதும் நாம்தான், இல்லை என்பதும் நாம்தான்.

3 முதல் 6 வயது வரை கற்பனை தாறுமாறாக வளரும், ஆனால் எது நிஜம் எது கற்பனை என்று பிரிக்கும் பழக்கம் அதே வேகத்தில் வராது, அதனால் கட்டிலுக்கடியில் ஒன்றுமில்லை என்று நன்றாகத் தெரிந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பூதம் பொய், படபடப்பு நிஜம். "இவ்வளவு பெரிய பையன் பயப்படலாமா" என்று சிரித்தால் பயம் போகாது, நம்மிடம் சொல்வதுதான் நின்றுபோகும்.

இதற்கு நேரெதிரான தவறு பாசக்காரர்கள் செய்வது, நானும் செய்திருக்கிறேன். பாட்டிலில் தண்ணீர் நிரப்பி 'பூத மருந்து' என்று அறை முழுக்க அடிப்பது. விளையாட்டாகச் சிரித்துக்கொண்டே அடித்தால் சரி, சில பிள்ளைகளுக்கு அது உதவும். முகத்தை சீரியஸாக வைத்துக்கொண்டு அடித்தால், அப்பாவே மருந்தடிக்கிறார், அப்போ பூதம் இருக்கிறது என்றுதானே அது கணக்குப் போடும்?

அதைவிட, "எந்தப் பக்கம் இருக்கிற மாதிரி தோணுது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் கதவில் தொங்கும் சட்டையாக இருக்கும். விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள், நிஜமாகவே அதற்குத் தோளும் தலையும் முளைக்கும். அப்புறம் டார்ச்சைப் பிள்ளை கையில் கொடுங்கள். அது வெளிச்சம் அடித்தால் சட்டை, அணைத்தால் ஆள், மறுபடி அடித்தால் சட்டை. நாலாவது தடவை சிரிப்பு வந்துவிடும். டார்ச் அதன் கையில் இருப்பதுதான் விஷயம். "பழகட்டும்" என்று இருட்டறையில் விட்டுக் கதவைச் சாத்துவது இதற்கு நேர் எதிர்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். தூங்கி ஓரிரண்டு மணி நேரத்தில், கண் திறந்தபடி அலறி, நம்மையே அடையாளம் தெரியாமல் தள்ளிவிட்டால் அது பூச்சாண்டி பயம் இல்லை, ஆழ்ந்த தூக்கத்தில் வரும் அலறல். உலுக்கி எழுப்பாதீர்கள், எங்கும் இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும், தானாக அடங்கும். காலையில் "ராத்திரி என்ன பார்த்தே?" என்று விசாரிக்கவும் வேண்டாம், அதற்கு ஞாபகமே இருக்காது. கெட்ட கனவு பெரும்பாலும் பின்னிரவில் வரும், பிள்ளை முழித்துக்கொண்டு நம்மைத் தேடி வரும். அப்போது அணைத்துக்கொள்ளுங்கள்.

வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, பகலிலும் தனியாக ஒரு அறைக்குள் போக மாட்டேன் என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.