சர்வசம முக்கோணங்கள்: விதி தெரிந்தும் விடை தவறுவது எங்கே?

இரு முக்கோணங்கள் வடிவிலும் அளவிலும் ஒன்றே (சர்வசமம், குறி ≅) என்று காட்ட உதவும் ப-ப-ப, ப-கோ-ப, கோ-ப-கோ, செ-க-ப (ப: பக்கம், கோ: கோணம், செ: செங்கோணம், க: கர்ணம்) என்ற நான்கு விதிகளையும் மனப்பாடமாகச் சொல்லும் மாணவர்கூடச் சர்வசமக் கணக்கில் மதிப்பெண் இழப்பார். எந்த முனைக்கு எந்த முனை ஜோடி என்று பார்க்காமல் எழுதத் தொடங்குவதுதான் பெரும்பாலும் காரணம்.

ஏபி, ஏசி சமமான முக்கோணம் ஏபிசி. பிசி-யின் நடுப்புள்ளி டி. மூன்று ஜோடிப் பக்கங்களையும் சரியாகக் காட்டிவிட்டு, கடைசி வரியில் 'ஏபிடி ≅ சிஏடி' என்று முடிப்பார்கள். எழுத்துகளை ஒன்றின்கீழ் ஒன்றாக வையுங்கள்: ஏ-க்குக் கீழே சி, பி-க்குக் கீழே ஏ. அப்படியானால் பிடி = ஏடி என்றாகிறது; கணக்கில் அப்படி எதுவுமே இல்லை. 'ஏபிடி ≅ ஏசிடி' என்பதே சரி. முதல் வரியிலேயே ஏ→ஏ, பி→சி, டி→டி என்று எழுதவைத்து, பிறகு பக்கங்களைத் தேடச் சொன்னால் இந்தப் பிழை வராது.

அடுத்தது, கோணம் இரு பக்கங்களுக்கும் இடையில் இல்லாதபோதும் ப-கோ-ப என்று எழுதுவது. 'கூடாது' என்று சொல்வதைவிட வரையவைப்பது மேல். ஏ-யில் 30° கோணம். ஒரு கதிரில் 8 செ.மீ. தள்ளிப் பி. கவராயத்தில் 5 செ.மீ. எடுத்து, பி-யிலிருந்து மறு கதிரில் வில் போடட்டும். ஏ-யிலிருந்து சுமார் 3.9 செ.மீ.யில் ஒன்று, 9.9 செ.மீ.யில் ஒன்று என வில் இரண்டு இடங்களில் வெட்டும். அதே மூன்று அளவுகள், இரண்டு வெவ்வேறு முக்கோணங்கள்! பி-யிலிருந்து மறு கதிருக்குச் செங்குத்துத் தூரம் 4 செ.மீ.தான், 5 செ.மீ. வில் அதைத் தாண்டி இருபுறமும் எட்டிவிடுகிறது. ஏ-யில் 90° இருந்து, வில்லும் 8 செ.மீ.யைவிடப் பெரிதாக இருந்தால், மறு கதிரை ஏ-க்குப் பின்னாலும் நீட்டிய கோட்டில் வெட்டும் புள்ளிகள் ஏ-க்கு இருபுறமும் சம தூரத்தில் விழும். கிடைக்கும் இரண்டு முக்கோணங்களும் கண்ணாடி பிம்பங்கள். கோணம் இடையில் இல்லாவிட்டாலும் செ-க-ப விதிக்கு மட்டும் விலக்கு கிடைத்தது இதனால்தான்.

கோ-கோ-கோ போதாது என்பதற்குக் கரும்பலகை மூலைமட்டத்தையும் பெட்டியில் உள்ள சிறிய மூலைமட்டத்தையும் காட்டினாலே போதும். கெட்டிக்கார மாணவருக்கு இன்னொன்று: 8, 12, 18 பக்கங்கள் கொண்ட முக்கோணமும் 12, 18, 27 கொண்டதும். மூன்று கோணங்களும் சமம், இரண்டு பக்க நீளங்களும் சமம். ஆறில் ஐந்து பொருந்தியும் சர்வசமம் இல்லை. 12-ம் 18-ம் ஒத்த இடங்களில் இல்லையே!

கோ-ப-கோ விதியின் மறுவடிவமான கோ-கோ-ப விதியிலும் (இரு கோணங்கள், அவற்றுக்கு இடையில் இல்லாத ஒரு பக்கம்) இதே கண்ணி உண்டு. இரு முக்கோணங்களிலும் 50°, 60° கோணங்கள் இருந்தும், 6 செ.மீ. பக்கம் ஒன்றில் 50°-க்கு எதிரே, மற்றதில் 60°-க்கு எதிரே என்றால் விதி செல்லாது.

நிரூபணத்தில் ஒவ்வொரு வரிக்கும் வலப்பக்கம் காரணம் கேளுங்கள்: தரவு, பொதுப்பக்கம், குத்தெதிர்க் கோணம். 'படத்தில் சமமாகத் தெரிகிறது' என்பதையும், நிரூபிக்க வேண்டியதையே காரணமாக எழுதியதையும் அங்கேயே அடித்துவிடலாம்.