‘கொஞ்சம் பார்ப்போம்’ என்று காத்திருக்காதீர்கள்: காட்டுத்தீ முன்னேற்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“கொஞ்சம் பார்ப்போம், தீ பக்கத்தில் வந்தால் கிளம்பிவிடலாம்.” ஆஸ்திரேலியாவில் காட்டுத்தீக் காலம் தொடங்கினாலே இந்தப் பேச்சு காதில் விழும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் ‘பார்ப்போம்’ குடித்த உயிர்கள் ஏராளம்.

2009 பிப்ரவரி 7, விக்டோரியா. மெல்பர்னில் வெயில் 46.4 டிகிரியைத் தொட்டது. கறுப்புச் சனிக்கிழமை என்று இன்றைக்கும் அந்த நாளைச் சொல்கிறார்கள். அந்தத் தீயில் 173 பேர் இறந்தார்கள். அவர்களில் 113 பேரின் உயிர் போனது வீட்டுக்குள்ளேயே. நின்று வீட்டைக் காப்பதா, முன்னதாகவே வெளியேறுவதா என்ற முடிவைக் கடைசி நிமிடம்வரை தள்ளிப்போட்டவர்கள் பலர். கடைசி நிமிடத்தில் சாலையே கண்ணுக்குத் தெரியாது. பட்டப்பகலில் புகை இருட்டிக்கொண்டு வரும், மரம் விழுந்து வழி அடைபடும். தீ தொடுவதற்கு முன்பே அதன் அனல் ஆளைக் கொன்றுவிடும்.

ஆகவே முன்னதாகக் கிளம்புவது என்றால், புகையைப் பார்த்தவுடன் கிளம்புவது என்று நினைக்காதீர்கள். முந்தின நாள் இரவே, அல்லது அன்று விடிந்ததும், எங்கும் தீ இல்லாதபோதே கிளம்புவது.

இங்கேதான் அடுத்த குழப்பம் வருகிறது. 2022 செப்டம்பரிலிருந்து நாடு முழுக்க ஒரே தீ அபாய அளவுகோல்: மாடரேட், ஹை, எக்ஸ்ட்ரீம், எல்லாவற்றிலும் மோசமான கேட்டஸ்ட்ரோஃபிக் என்று நான்கு படிகள். சாலையோரப் பலகையில் முள் காட்டுவது இதைத்தான். அன்றைக்குத் தீ மூண்டால் எவ்வளவு மோசமாகப் போகும் என்ற கணிப்பு இது. ஏற்கெனவே எரிகிற தீயைப் பற்றி வரும் எச்சரிக்கை வேறு: மஞ்சள் நிற அட்வைஸ், ஆரஞ்சு நிற வாட்ச் அண்ட் ஆக்ட், சிவப்பு நிற எமர்ஜென்சி வார்னிங். இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள், கேட்டஸ்ட்ரோஃபிக் என்று அறிவித்த நாளில்கூட “இன்னும் தீயே பிடிக்கவில்லையே” என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள். ஆரஞ்சு வந்தால் ‘வாட்ச்’ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். கூடவே இருக்கும் ‘ஆக்ட்’தான் முக்கியம், இப்போதே செயல்படு என்று பொருள். சிவப்பு வரும்போது கிளம்பும் நேரம் தாண்டியே போயிருக்கலாம். இந்த மூன்றும் வரிசையாக வரும் என்றும் நம்ப வேண்டாம். முதல் எச்சரிக்கையே சிவப்பாக இருக்கலாம், ஒன்றுமே வராமலும் போகலாம். கறுப்புச் சனியன்று கிங்லேக், மேரிஸ்வில் மக்களுக்கு எச்சரிக்கை உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை.

காற்று மாறும் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் மோசமான நாட்களில் பகல் முழுக்க வடக்கு, வடமேற்கிலிருந்து அனல்காற்று அடிக்கும். மாலைக்குள் தென்மேற்கிலிருந்து குளிர்காற்று வரும். உடம்புக்கு இதமாக இருப்பதால் ஆபத்து விலகிவிட்டது என்று தோன்றும். உண்மையில் அதுவரை நீளமாக ஓடிய தீயின் பக்கவாட்டு முழுவதும் அந்தக் காற்றில் திரும்பி, அகலமான புது முகப்பாகப் பாயும். 75 பேரைப் பலிகொண்ட 1983 சாம்பல் புதன் தீயிலும், கறுப்புச் சனியிலும் காற்று மாறிய பிறகு நடந்த அழிவு மிகப் பெரியது.

வீட்டைத் தயார் செய்வதில்

பலரும் தூரத்தில் நிற்கும் பெரிய மரங்களைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் நிறைய வீடுகளைக் கொளுத்துவது காற்றில் பறந்து வரும் கங்கு. தீ வருவதற்கு முன்பும் விழும், தீ தாண்டிப் போய்ப் பல மணி நேரம் ஆன பிறகும் விழும். ஒருநாள் ஏணி போட்டு ஏறி, கூரையோரத்தில் மழைநீர் ஓடும் கட்டருக்குள் கைவிட்டுப் பாருங்கள். காய்ந்த யூகலிப்டஸ் இலை, சுருண்ட பட்டை, ஏதோ குருவி கட்டி விட்டுப்போன கூட்டின் குச்சி. விரலால் கிள்ளினால் பொடிந்துவிடும். அதில் நகத்தளவு கங்கு ஒன்று விழுந்து, காற்றும் ஊதினால், கூரைக்கு அடியில் இருக்கும் மரச்சட்டத்தில் தீ ஏறிவிடும். அதேபோலத்தான் வாசலில் கிடக்கும் தேங்காய்நார் மிதியடி, சுவரை ஒட்டி அடுக்கிய விறகு, மரத்தளத்தின் அடியில் ஒதுங்கிய சருகு எல்லாம். கோடை தொடங்கும்போது ஒருமுறை சுத்தம் செய்தால் போதும் என்று விட்டுவிடக்கூடாது. மரங்கள் கோடை முழுக்க உதிர்த்துக்கொண்டேதான் இருக்கும்.

நின்று காக்கப் போகிறவர்கள் குழாய்த் தண்ணீரையும் மின்சார மோட்டாரையும் நம்பக்கூடாது. தீ வருமுன்பே மின்சாரம் போய்விடும், குழாயில் வேகம் குறைந்துவிடும். தனித் தொட்டியும் பெட்ரோல் அல்லது டீசல் பம்பும் இல்லாமல் நிற்பது வீண். வெளியேற முடியாமல் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டால், குளியலறையில் போய் ஒளியத் தோன்றும். தண்ணீரும் டைல்ஸ் பதித்த சுவரும் தைரியம் தரும்தான். ஆனால் குளியலறைக்குப் பெரும்பாலும் ஒரே கதவு, அதுவும் வீட்டுக்குள் திறப்பது. வீட்டுக்கு வெளியே நேராகப் போகக் கதவுள்ள அறையில் இருந்து, என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருங்கள். வெளியே தீ தாண்டிய பிறகு எரிந்துபோன தரைக்கு அந்தக் கதவு வழியாகப் போய்விடலாம்.

அப்புறம், வீட்டுக்கு ஒரு தீயணைப்பு வண்டி வராது. கிராமப்புறங்களில் அந்த வண்டியில் வருகிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அவர்கள் வீடும் அதே ஊரில்தான் இருக்கும்.

அரசுத் தரப்பின் தவறுகள்

அரசும் ஒருவகையில் ‘பார்ப்போம்’ என்றுதான் இருந்திருக்கிறது. பேரிடருக்குப் பிறகு செலவிடும் தொகையோடு ஒப்பிட்டால், முன்கூட்டியே பாதிப்பைக் குறைக்கக் கூட்டாட்சி அரசு செலவிட்டது 3 சதவீதம்தான் என்று உற்பத்தித்திறன் ஆணையம் 2014இல் கணக்குச் சொன்னது. எரிந்த பிறகு பணம் கொடுப்பது எல்லார் கண்ணிலும் படும். ஊருக்கு இரண்டாவது சாலை போடுவதும், செல்போன் கோபுரத்துக்கு நீடித்து உழைக்கும் பேட்டரி வைப்பதும் அப்படிப் படாது.

எதை அளப்பது என்பதிலும் தவறு நேரும். கறுப்புச் சனியை விசாரித்த ராயல் கமிஷன், விக்டோரியாவின் பொது நிலத்தில் தீக்கு இரையாகும் சருகும் புதரும் குறைவதற்காக, ஆண்டுக்குக் குறைந்தது 5 சதவீதத்தைத் திட்டமிட்டு எரிக்கச் சொன்னது. நோக்கம் நல்லதுதான். ஆனால் பரப்பளவு மட்டுமே இலக்கானால், ஆளில்லாத தூரத்துக் காட்டை எரித்துக் கணக்கை நிரப்பிவிடலாம். வீடுகளை ஒட்டிய சிறிய துண்டுதான் எரிக்கக் கடினம், உயிரைக் காப்பதும் அதுதான். சில ஆண்டுகளில் அந்த இலக்கைக் கைவிட்டு, ஆபத்து எவ்வளவு குறைகிறது என்று பார்க்கும் முறைக்கு மாநிலம் மாறியது. சரியான மாற்றம் என்றே நினைக்கிறேன். பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் மெதுவான, அனல் குறைந்த எரிப்பு முறையையும் விழாவில் காட்டும் பொருளாக வைக்காமல், திட்டமிடும்போதே அவர்களை உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.

2019–20 கறுப்புக் கோடையில் 2.4 கோடி ஹெக்டேருக்கு மேல் எரிந்தது, தீயில் 33 பேர் இறந்தார்கள். மின்சாரமும் தொலைத்தொடர்பும் போன ஊர்களில் அட்டை தேய்க்க முடியவில்லை, பெட்ரோல் பம்பு ஓடவில்லை. விக்டோரியாவின் கடலோர ஊரான மல்லகூட்டாவில் டிசம்பர் 31 அன்று ஆயிரக்கணக்கானோர் கடற்கரையில் ஒதுங்கினார்கள். சாலை அடைபட்டதால் கடற்படைக் கப்பல் வந்து பலரை ஏற்றிக்கொண்டு போனது. எச்சரிக்கை எல்லாம் செல்போனில்தான் வரும் என்று திட்டமிட்டால் இப்படிப்பட்ட நாளில் எதுவும் வராது. பேட்டரி ரேடியோ ஒன்று வாங்கி, உங்கள் பகுதி ஏபிசி வானொலியின் அலைவரிசையை அதன் முதுகில் எழுதி ஒட்டிவையுங்கள்.

நம் தமிழ் வீடுகளில்

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். வார நாள், நீங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டீர்கள். வீட்டில் கைக்குழந்தையும் பாட்டியும் மட்டும். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது, கார் ஓட்டத் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரர் பெயரும் தெரியாது. கடிதப் பெட்டியில் வந்த காட்டுத்தீக் கையேட்டை அவர் என்ன செய்வார்? உள்ளாட்சி மன்றங்கள் கையேட்டை அச்சடித்துப் போட்டதோடு கடமை முடிந்தது என்று நினைப்பதும், நாம் அதைக் குப்பையில் போடுவதும் ஒரே தவறின் இரண்டு பாதிகள். கோயில், தமிழ்ப் பள்ளி, சங்கம் என்று நாம் கூடும் இடங்களுக்கே தீயணைப்புப் படையினரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லலாம், கூப்பிட்டால் வருவார்கள்.

இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் ஒரு தாளை எடுத்துத் தமிழிலேயே எழுதுங்கள். எந்த அபாய நிலை அறிவித்தால் கிளம்புகிறோம், எத்தனை மணிக்கு, யார் வீட்டுக்கு, எந்தச் சாலை வழியாக, அது அடைபட்டால் வேறு எது. பள்ளியில் இருக்கும் பிள்ளையை யார் கூப்பிடுவது, பூனைக்கூண்டு எங்கே இருக்கிறது, பாட்டியை அழைத்துப்போக எந்தப் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவைத்திருக்கிறோம். கீழே 000 என்று பெரிதாக எழுதி, போன் எடுத்ததும் ‘ஃபயர்’ என்றும் ‘தமிழ்’ என்றும் சொல்லப் பாட்டிக்கு இரண்டு மூன்று முறை சொல்லிக்கொடுத்து, தாளை ஃப்ரிட்ஜில் அவர் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒட்டுங்கள்.