வீட்டுக்குள் நடந்த சாவை வைத்துத் துப்பறியும் நாவல் எழுதுவது எப்படி

என்றோ நடந்த ஒரு சாவு, முப்பது வருஷம் கழித்து ஒரு பேத்தி அதைக் கிளறுகிறாள், உண்மை வெளியே வருகிறது. இப்படி ஒரு நாவல் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் கொன்றது யார் என்ற கேள்வியில்தான் ஆரம்பிப்பார்கள். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அந்த வீட்டில் எல்லோரும் சொல்கிற அந்த ஒரு வரியை முதலில் எழுதுங்கள். சொல்லிச் சொல்லி மழமழவென்று ஆகிப்போன வரி, யாரைக் கேட்டாலும் அதே வார்த்தை, அதே வரிசை: "பங்குனி உத்திரத்தன்னைக்கு நாங்க எல்லாரும் சாஸ்தா கோயிலுக்குப் போயிருந்தோம், தாத்தா மோட்டார் போடப் போனவரு கிணத்துல விழுந்துட்டாரு." நிஜமாக நடந்ததை ஐந்து பேர் ஐந்து விதமாகத்தான் சொல்வார்கள். ஐந்து பேரும் ஒரே மாதிரி சொன்னால் உங்கள் நாவல் அங்கேதான் இருக்கிறது.

அப்புறம் ஒரு பெரிய தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். ஒரு பக்கம் வீடு சொல்லும் கதை, மறுபக்கம் நிஜமாக நடந்தது, இரண்டையும் மணிக்கணக்கோடு எழுதுங்கள். நான் ஒரு உதாரணத்தையே கடைசி வரை எடுத்துக்கொள்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. தாத்தா, ஆச்சி, இரண்டு மகன்கள், கல்யாணமாகாத ஒரு மகள். வீடு சொல்லும் தேதி 1989 மார்ச் 22, பங்குனி உத்திரம், பௌர்ணமி. தாத்தா நிஜமாகச் செத்தது ஒரு வாரம் கழித்து, மார்ச் 29 ராத்திரி. போலீசுக்குச் சொல்லாமல் எரித்துவிட்டார்கள், அதனால் பிரேதப் பரிசோதனை கிடையாது. ஊர்க்காரர்களுக்கு "உத்திரத்தை ஒட்டி" என்று மட்டும்தான் ஞாபகம். துப்பறிகிறவள் சின்ன மகனின் மகள். சந்தேகப்பட வேண்டியவர்களில் அவளுடைய அப்பாவும் ஒருவர், அதனால்தான் அவளையே தேர்ந்தெடுத்தேன். வெளியிலிருந்து வரும் டிடெக்டிவுக்கு இந்த வீட்டில் இழக்க ஒன்றுமே இல்லை.

சரி, தேதியை ஏன் மாற்றினார்கள்? இந்த இடத்தில் நிதானமாக யோசியுங்கள், ஏனென்றால் சாவுக்கு ஒரு காரணம் இருக்கும், பொய்க்கு வேறொரு காரணம் இருக்கும், இரண்டையும் ஒன்றாகக் குழப்பிய நாவல்கள்தான் பாதியில் படுத்துவிடுகின்றன. சாவு ஒரு வாய்த்தகராறில், கிணற்று மேட்டில், ஒரு தள்ளலில் நடந்ததாகவே இருக்கட்டும். பொய் அடுத்த வருஷம் வருகிறது. தமிழ்நாட்டில் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் பங்கு என்ற திருத்தம் 1990-ல் சட்டமாகி, 1989 மார்ச் 25 முதலே அமலுக்கு வந்ததாக முன்தேதியிடப்பட்டது. அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அது பொருந்தாது. நம் கதையில் மகளுக்குக் கல்யாணமாகவில்லை. ஆனால் அப்பா 22-ஆம் தேதியே இறந்துவிட்டார் என்றால், அவர் பங்கு அப்போதே பிரிந்துவிட்டது என்று அண்ணன்கள் வாதாட வழி கிடைக்கிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு ஏக்கர் பூர்வீக நிலம். அண்ணன்கள் வாதப்படி அப்பாவுக்கும் இரண்டு மகன்களுக்கும் தலைக்கு நான்கு ஏக்கர், அப்பாவின் நான்கை ஆச்சியும் மூன்று பிள்ளைகளும் பிரித்துக்கொண்டால் மகளுக்கு ஒரு ஏக்கர். அப்பா 29-ஆம் தேதி இறந்தார் என்றால் மகளும் பங்காளி, நான்கு பேருக்குத் தலைக்கு மூன்று, அப்பாவின் மூன்றில் கால்வாசி சேர்த்து அவளுக்கு மூன்றே முக்கால் ஏக்கர். ஒரு வாரம், இரண்டே முக்கால் ஏக்கர். இந்தக் கணக்கை வக்கீல் குமாஸ்தா ஒருவர் பழைய டைரியின் பின்பக்கத்தில் பேனாவால் போட்டுக் காட்டுவது போல ஒரு காட்சி வையுங்கள், எந்தத் துரத்தல் காட்சியும் அதற்கு ஈடாகாது.

காகிதங்கள் எங்கே கிடைக்கும் என்பதையும் சரியாக எழுதுங்கள். நிலத்தை விற்கப் போகிறார்கள், வாரிசுச் சான்று வேண்டும், வில்லங்கம் போட வேண்டும், அதற்காகத்தான் பேத்தி இறப்புச் சான்றிதழைத் தேடி எடுக்கிறாள். சான்றிதழில் இறந்த தேதி மட்டுமல்ல, பதிவு செய்த தேதியும் இருக்கும். இறந்தது 1989 மார்ச், பதிந்தது 1990 ஆகஸ்ட். இறப்பைக் குறித்த நாட்களுக்குள் பதிய வேண்டும், ஒரு வருஷம் தாண்டிவிட்டால் அந்தக் காலத்தில் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். உத்தரவு இருந்தால் மனு இருக்கும், மனு இருந்தால் யார் என்ன சொன்னார்கள் என்பதும் இருக்கும். போலீஸ் பக்கம் போனால் ஒன்றைக் கவனியுங்கள்: புதிய தண்டனைச் சட்டம் வந்த 2024 ஜூலை 1-க்குப் பிறகு கதை நடந்தாலும், 1989-ல் நடந்த கொலைக்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 302-ஆம் பிரிவுதான், புதிய சட்டத்தின் 103-ஐப் போட்டுவிடாதீர்கள்.

ஆனால் காகிதம் சந்தேகத்தைத்தான் கொடுக்கும். உண்மை வீட்டுக்குள்ளிருந்துதான் வர வேண்டும். மகன்கள் வருஷா வருஷம் பங்குனிப் பௌர்ணமியில் தாத்தாவுக்குத் திதி கொடுக்கிறார்கள், இலை போட்டு, வடை பாயாசத்தோடு. ஒரு வாரம் கழித்து, தேய்பிறை சப்தமியன்று, ஆச்சி தனியாக ஒரு பிடி சோற்றைப் பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து, மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுக் காக்காய் வரும்வரை வெயிலில் நிற்கிறாள்.

"என்ன ஆச்சி, போன வாரந்தானே வச்சோம்?"

"சும்மாதான்ட்டி. நீ கீழ போ, காக்கா வராது."

இதை இரண்டாம் அத்தியாயத்தில், வயசானவர்களின் பழக்கம் போல, ஊறுகாய் ஜாடி வெயிலில் காய்கிற வரிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுங்கள். உயிரோடிருப்பவர்களிடம் முப்பது வருஷம் பொய் சொன்னவள், செத்தவரிடம் சொல்ல முடியாமல் நிற்கிறாள். வாசகர் இருபதாம் அத்தியாயத்தில் திரும்பி வந்து இந்தப் பக்கத்தைத் தேட வேண்டும்.

தேதியை மட்டும் கற்பனையாகப் போடாதீர்கள். அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தைப் பார்த்துப் போடுங்கள். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் சில மணி நேரம் வித்தியாசம் வரும், அதனால் திதி மாறுகிற நேரத்துக்குப் பக்கத்தில் சாவை வைக்காதீர்கள். பஞ்சாங்கம் இன்னொன்றையும் சும்மாவே கொடுக்கும். பௌர்ணமியன்று ராத்திரி ஒன்பது மணிக்குத் தோட்டம் பால் ஊற்றியது போல இருக்கும். தேய்பிறை சப்தமியில் நடுராத்திரி நெருங்கும்போதுதான் நிலாவே எழும். த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்ததும் பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சப் போனவர், "உங்க தாத்தா போன அன்னைக்கு ஒன்பது மணி இருக்கும், கும்மிருட்டு, டார்ச்சு இல்லாம வரப்புல கால் வைக்க முடியல" என்று வேறு எதையோ பேசும்போது சொல்லட்டும். அவருக்குத் தான் சாட்சி சொல்கிறோம் என்பதே தெரியக்கூடாது. பேத்திக்கும் அன்றைக்குப் புரிய வேண்டாம், பஸ்ஸில் திரும்பும்போது புரியட்டும்.

பெரியப்பா எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து ஒப்புக்கொள்ளும் காட்சி வேண்டவே வேண்டாம். நம் வீடுகளில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. பெரியப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். அப்பா டிவி சத்தத்தைக் கூட்டுவார். அத்தை, பங்கை இழந்தவள், "இப்ப எதுக்குட்டி அதெல்லாம்" என்று காபி போட எழுந்து போவாள். பேத்தியின் கையில் இப்போது மூன்று விஷயம் இருக்கிறது, சான்றிதழ், டார்ச் லைட், காக்காய்ச் சோறு. தள்ளியது அப்பாவா பெரியப்பாவா என்பதற்கு ஆச்சி மட்டும்தான் சாட்சி. அவளிடம் கேட்கிற காட்சியைக் கடைசிக்கு வையுங்கள், அடுத்த பங்குனியில், அதே மாடியில். கேள்வியைப் பேத்தி கேட்க வேண்டாம். திதி சப்தமிதானே ஆச்சி என்று மட்டும் சொல்லி, சோற்றுக் கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்ளட்டும். ஆச்சி இந்த முறை அவளைக் கீழே போகச் சொல்லவில்லை.